ஒரு வருஷம் கழித்து எண்ணிப் பாருங்கள்

(சிறுசேரியில் நடைபெற்ற ஆதரவாளர் ஸ்தோத்திரக் கூட்டத்தில் நமது ஆஸ்பத்திரிக் குருவானவர் ஆற்றிய உரை)



 இந்த வெயிலிலும், ஓ.எம்.ஆர். சாலையின் நெரிசலிலும் பொறுமையாக வந்து சேர்ந்திருக்கிறீர்கள். தாம்பரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சற்று மனதில் வைத்திருங்கள். பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

வழக்கமாக இந்தக் கூட்டத்துக்கு நாங்கள் படங்கள் கொண்டுவருவோம். இருதய ஆபரேஷன் முடிந்து, கையில் பூச்செண்டோடு, டாக்டரும் சிஸ்டர்மாரும் இரண்டு பக்கமும் நிற்க, சிரித்துக்கொண்டிருக்கும் பிணியாளர்களின் படங்கள். அவற்றைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், காணிக்கையும் தாராளமாக வரும். இந்த வருஷம் படம் எதுவும் கொண்டுவரவில்லை. எங்கள் பொருளாளருக்கு இதில் சம்மதமில்லை. அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

படம் ஏன் இல்லை என்பதைச் சொல்ல ஒரு பெண்ணின் காரியத்தைச் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவிலுள்ள ஒரு மீனவக் குப்பத்திலிருந்து அவளை அழைத்து வந்தார்கள். இருபத்து நான்கு வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம். மீன் கூடையைத் தலையில் ஏற்றினால் மூச்சு வாங்குகிறது. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறாள். சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் வந்ததாகத் தாயார் சொன்னார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்த உடனே புரிந்துகொண்டார். இருதயத்தின் இடது பக்கத்து வால்வு சுருங்கிக் கெட்டியாகி இருந்தது. சென்னையிலுள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செலவு அடங்கிற்று. கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். திரும்பி வந்தபோது எங்கள் சிற்றாலயத்தில் ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தோம். அவள் படம் நம்முடைய செய்தி மடலிலும் வந்தது.

எட்டாம் மாதம், விடிவதற்கு முன்பு, ஒரு ஷேர் ஆட்டோவில் அவளைக் கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. உலோக வால்வு வைத்தவர்களுக்குப் பக்கத்தில் படுத்தால் கடிகாரம்போல டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். வால்வின் தட்டு திறந்து மூடுகிற சத்தம் அது. அவள் புருஷன் எங்களிடம் சொன்னது இதுதான்: "நாலு நாளா அந்தச் சத்தம் கேக்கலீங்க ஐயா. சரியாப் போயிடுச்சின்னு நெனச்சோம்."

வால்வில் ரத்தம் உறைந்து தட்டு அசையாமல் போயிருந்தது. மருந்து ஏற்றி 108ல் சென்னைக்கு அனுப்பினோம். மறுநாள் மாலை அங்கே காலமானாள்.

ரத்தம் உறையாமல் இருக்க அவள் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும், உயிருள்ளவரைக்கும். மூன்று மாதத்துக்கு முன்பே நிறுத்தியிருக்கிறாள். ஏன்? அந்த மாத்திரை வயிற்றிலுள்ள பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கோ பிள்ளை வேண்டும். இதில் எங்களை இன்றைக்கும் வருத்துகிற விஷயம், அவளுக்குச் சொல்லப்பட்டது பொய் இல்லை என்பதுதான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அந்த மாத்திரை சிசுவைப் பாதிக்கக்கூடும். ஆனால் அதற்கு வழி உண்டு. முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால், அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் கொஞ்ச நாள் ஊசிக்கு மாற்றி, கண்காணிப்போடு நடத்துவார்கள். அப்போதும் ஆபத்து உண்டு, ஆனாலும் அது தெரிந்து எடுத்துக்கொள்கிற ஆபத்து. இதை யாரும் அவளுக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினோம். அவள் ஐந்தாவது வரை படித்தவள். அந்தத் தாள் வீட்டில், மருந்துச் சீட்டுகளோடு ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்தபடியே இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்களும் போயிருந்தோம். அவள் மாமியார் எங்களுக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, பிறகு கேட்டார்: "ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு நீங்கதானே ஐயா ஜெபம் பண்ணீங்க?" அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இறையியல் கல்லூரியில் நாங்கள் படித்த படிப்பு எதுவும் அந்த இடத்தில் கைகொடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நல்ல சமாரியனின் உவமையை வேறு விதமாகப் படிக்கத் தொடங்கினோம். லூக்கா பத்தாம் அதிகாரம். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்கட்டினதைப் பற்றி நாங்கள் எத்தனையோ பிரசங்கம் பண்ணியிருக்கிறோம். மறுநாள் காலையில் அவன் சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்ததையும், மேற்கொண்டு ஆகிற செலவைத் திரும்பி வரும்போது கொடுப்பதாகச் சொன்னதையும் கடைசியில், மணி ஆகிவிட்டது என்று அவசரமாக முடித்துவிடுவோம். அந்த மனுஷன் பிழைத்ததற்கு எண்ணெய் எவ்வளவு காரணமோ, சத்திரத்துக்குக் கொடுத்த பணமும் அவ்வளவு காரணம். அவன் திரும்பி வருவதாகவும் சொல்லியிருக்கிறான்.

இனி மாரடைப்பைப் பற்றி. நெஞ்சு வலி வந்தால் நம் ஜனங்கள் முதலில் செய்வது என்ன? வாயுப் பிடிப்பு என்று ஒரு சோடா. அது கேட்காவிட்டால் ஜெலுசில். பிறகு விடியட்டும் என்று ஒரு படுக்கை. திருப்போரூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாட்ச்மேன் வலி தொடங்கி ஒன்பது மணி நேரம் கழித்துத்தான் எங்களிடம் வந்தார். டியூட்டி மாற ஆள் வரவில்லையாம். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் முழுவதுமாக அடைபட்டுவிட்டால், சிறிது நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் திறந்தால் பெரும்பகுதி தப்பும், ஆறு மணி நேரம் போனால் கொஞ்சமே தப்பும். உங்களைச் சாலையில் நிறுத்திவைத்த அந்த ஒன்றரை மணி நேரத்தில், ஆம்புலன்ஸ் ஒன்றில் ஒருவர் படுத்திருந்திருக்கலாம்.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல முயற்சி நடந்தது. மெட்ராஸ் மெடிக்கல் மிஷனைச் சேர்ந்த டாக்டர் அஜித் முல்லசாரி, கோவையைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர் முதலானோர் சேர்ந்து, 2012 முதல் 2014 வரை 35 சிறிய மருத்துவமனைகளை 4 பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுப்பார்கள், அது உடனே பெரிய இடத்துக்குப் போகும். தூரம் அதிகமானால் உறைவைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிட்டு, பிறகு 108ல் அனுப்பி அடைப்பைப் பார்ப்பார்கள். மொத்தம் 2,420 பிணியாளர்கள். முடிவு 2017ல் வெளியானது. எங்கள் டாக்டர் அந்த அறிக்கையை எங்களுக்கு வரிவரியாக விளக்கினார். அதில் இரண்டு இடங்கள் எங்களை நிறுத்திவிட்டன.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மரித்தவர்கள், ஏற்பாட்டுக்கு முன்பு நூற்றுக்கு 5.8, பின்பு 5.6. ஏறக்குறைய ஒன்றேதான். டிஸ்சார்ஜ் நாளோடு கணக்கை முடித்திருந்தால், இத்தனை பாடும் வீண் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் ஒரு வருஷம் காத்திருந்து மறுபடியும் எண்ணினார்கள். முன்பு நூற்றுக்கு 17.6 பேர் அந்த ஒரு வருஷத்துக்குள் மரித்தார்கள், பின்பு 14.2. ஆயிரம் பேரில் 34 பேர் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். முப்பத்து நான்கு வீடுகள். வாசலில் நின்று எண்ணினால் கண்ணில் படாதவை அவை.

இதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஏற்பாடு நல்லபடி நடந்தபோதும் ஆயிரத்தில் 142 பேர் அந்த வருஷத்துக்குள் போய்விட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரியில் சாகவில்லை. வீட்டுக்குப் போன பிறகு மரித்தார்கள்.

வீட்டில் என்ன நடக்கிறது? 17 நாடுகளில் நடத்தி 2011ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இந்தியா உட்பட ஏழை நாடுகளில், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர், சாப்பிட வேண்டிய நாலுவகை மாத்திரைகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை என்று கண்டார்கள். ஆஸ்பிரின்கூட இல்லை. ஆஸ்பிரின் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். அப்படியானால் விலை மட்டும் காரணம் இல்லை. வலி இல்லை, ஆகவே வியாதி இல்லை என்று நினைக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவர் மாத்திரை வாங்க அரை நாளை விட வேண்டும். சிறுசேரியில் இந்தக் கண்ணாடிக் கட்டடங்களைக் கட்டிய வடமாநிலத்துச் சகோதரர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு சைட்டுக்கு மாறிவிடுகிறார்கள். சீட்டில் எழுதினது அவர்களுக்குத் தெரியாத பாஷை.

அரசாங்கம் செய்ததைச் சொல்லாமல் விட்டால் அது நன்றிகேடு. 2009ல் தொடங்கி 2012ல் இப்போதைய வடிவத்துக்கு வந்த காப்பீட்டுத் திட்டத்தால், முன்பு நீங்கள் காணிக்கை கொடுத்தால்தான் நடக்கும் என்றிருந்த ஆபரேஷன்கள் பல இன்று காணிக்கை இல்லாமலே நடக்கின்றன. 2017ல் ஸ்டென்டுக்கு மத்திய அரசு உச்ச விலை வைத்தது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு அந்த இடத்திலேயே 14 மாத்திரைகளை ஒன்றாகக் கொடுத்து மேலிடத்துக்கு அனுப்புகிறார்கள். சோடா குடித்துவிட்டுப் படுப்பதற்குப் பதிலாக அங்கே போங்கள் என்று சபைகளில் அறிவியுங்கள். அதற்குக் காணிக்கைகூட வேண்டாம்.

ஆகையால் எங்கள் வேண்டுதல் இப்போது வேறு. பெரிய காரியத்துக்குக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், அரசாங்கமும் இருக்கிறது. அதற்கு நாங்கள் மனதார நன்றி சொல்லுகிறோம். நாட்டில் நடந்த முதல் திறந்த இருதய ஆபரேஷன்களுள் சில, 1960களின் தொடக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தவை. உலோக வால்வை வெளிநாட்டிலிருந்து வாங்க ஏழைகளால் முடியாது என்று கண்டு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் அவரோடிருந்தவர்களும் வருஷக்கணக்கில் பாடுபட்டார்கள். முதல் மாதிரிகள் தோற்றன. கடைசியில் தேறியது 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அந்தச் சித்ரா வால்வு வெளிநாட்டு வால்வின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைத்தது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைப் பொருத்தியிருக்கிறார்கள். எத்தனை ராத்திரி கண் விழித்திருப்பார்கள் அந்த இன்ஜினியர்மார்! அந்தத் தட்டு தினமும் ஒரு லட்சம் தடவை திறந்து மூட வேண்டும். அவ்வளவு உழைப்பில் உண்டான வால்வு, ஒரு மாத்திரைக்கு ஆள் இல்லாமல் நின்றுபோகலாமா?

இங்கே அந்த மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. வார்ஃபரின், அசிட்ரோம் என்றெல்லாம் சீட்டில் எழுதுவார்கள். பழைய மருந்து, மலிவான மருந்து, தொல்லை பிடித்த மருந்து. அதிகமானால் ரத்தம் கசியும், குறைந்தால் உறையும். அடிக்கடி ரத்தம் பார்த்து அளவை மாற்ற வேண்டும். முருங்கைக் கீரையை ஒரு வாரம் நிறையச் சாப்பிட்டு மறுவாரம் விட்டாலே கணக்கு மாறிவிடும். கீரையே தொடாதே என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள், அதுவும் தவறு. ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். ரத்தம் பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகள் வந்தபோது நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம், இனி ஏழைகளுக்கு அலைச்சல் இல்லை என்று. வாத இருதய நோயும் துடிப்புக் கோளாறும் சேர்ந்திருந்த நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் 24 நாடுகளில் அதைச் சோதித்து, 2022ல் முடிவை வெளியிட்டார்கள். பழைய மாத்திரை சாப்பிட்டவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். உலோக வால்வுக்கும் புது மாத்திரைகள் ஆகா. எனவே தொல்லை பிடித்த மருந்தோடுதான் நாம் வாழ்ந்தாக வேண்டும், அந்தத் தொல்லையைச் சுமக்க ஒருவர் வேண்டும்.

வால்வு கெடாமலே தடுக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண்ணாக வருகிற ஒரு கிருமி, சிலருக்கு மூட்டு வாதக் காய்ச்சலாக மாறி வால்வைத் தாக்குகிறது. ஒரு தடவை அந்தக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சத்தீன் பென்சிலின் ஊசி போட்டுவந்தால் மறுபடியும் வராமல் காக்கலாம். வருஷக்கணக்கில் போட வேண்டும். வால்வு கெட்டவர்களுக்கு நாற்பது வயது வரைக்கும்கூட. இடுப்பில் போடுகிற அந்த ஊசி பொல்லாத வலி. பத்து வயதுப் பையன் ஒருவன் ஊசி நாளன்று புளியமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான். சிஸ்டர் மரத்தடியில் ஒரு மணி நேரம் காத்திருந்து, கதை சொல்லி இறக்கினார். ஆப்பிரிக்காவின் 12 நாடுகளிலும் இந்தியாவிலும் ஏமனிலுமாக 3,343 வாத இருதய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வில், அவர்களுடைய நடு வயது 28. இரண்டு வருஷத்துக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர் மரித்துவிட்டார்கள். புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் நிற்பதற்குச் சம்பளம் எந்தத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை.

செங்கல்பட்டுப் பக்கத்து முதியவர்களுக்கு இது புதிதல்ல. திருமணியில் 1924ல் தொடங்கிய லேடி வில்லிங்டன் குஷ்டரோக ஆஸ்பத்திரியை 1955ல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் சைக்கிளில் மாத்திரை கொண்டு ஊர் ஊராகப் போன பணியாளர்களை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரு ஆள், வருஷக்கணக்கில், அதே ஆள். குஷ்டரோகத்தில் நம் முன்னோர் செய்ததை இருதய நோயில் நாங்கள் செய்யத் தவறினோம்.

இப்போது எங்களிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. வால்வு வைத்தவர்கள், மாரடைப்பு வந்து போனவர்கள், ஊசி போடுகிற பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் அதில் உண்டு. யாராவது வர வேண்டிய நாளில் வராவிட்டால், சிவப்பு மையில் சுழித்து, மறுநாள் போன் செய்கிறோம். போன் எடுக்காவிட்டால் சிஸ்டர் வீட்டுக்குப் போகிறார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அங்கேயே அளவு சொல்கிற சிறு கருவி ஒன்று வாங்கியிருக்கிறோம். கருவியைவிட, அதில் வைக்கிற பட்டைதான் மாதாமாதம் செலவு. புருஷனுக்கும் மாமியாருக்கும் அந்த டிக் டிக் சத்தத்தைக் கேட்கக் கற்றுக்கொடுக்கிறோம். சத்தம் மங்கினால் அன்றைக்கே வர வேண்டும் என்று சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். பிள்ளை வேண்டுமா என்று இளம் பெண்களிடம் முதல் சந்திப்பிலேயே கேட்கிறோம். சென்ற வருஷம் உலோக வால்வோடு ஒரு பெண் சென்னையில் பிரசவித்தாள். ஆறு மாதம் வாரந்தோறும் எங்கள் சிஸ்டர் அவளோடு பேருந்தில் போய்வந்தார். குழந்தையை எங்களிடம் காட்டக் கொண்டுவந்தாள். படம் எடுக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றோம்.

இதற்குத்தான் கேட்கிறோம். பேருந்துச் சத்தம், ரத்தம் பார்க்கிற பட்டை, இரண்டு சிஸ்டர்மாருக்குச் சம்பளம், வேனுக்கு டீசல். கல்வெட்டில் பெயர் பொறிக்க இதில் இடம் இல்லை, மன்னியுங்கள். ஒரு ஆபரேஷனுக்குக் கொடுப்பதாக யாராவது பொருத்தனை செய்திருந்தால், அதை அப்படியே இதற்கு மாற்ற எங்களுக்கு உரிமை கிடையாது. நீங்களே சொன்னால் மாற்றுவோம். பொருளாளரிடம் தனித் தாள் இருக்கிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை வேன் காலை ஆறரை மணிக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கிளம்பும். கேளம்பாக்கம், கோவளம், பிறகு கடற்கரைக் குப்பங்கள். வேனில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. வர விரும்புகிறவர்கள் சிஸ்டரிடம் இன்றைக்கே பெயர் கொடுங்கள். குடை கொண்டுவாருங்கள், அங்கே நிழல் கிடையாது.